நெஞ்சுப் படம்

பழைய படம் வந்துசேர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று நெஞ்சுநோய் கிளினிக்கின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா மிஸ் பிம் சொன்னபோது நேசபாய்க்கு முதலில் தோன்றியது பயம் இல்லை. இந்த பெஞ்சு இப்படிக் குளிரும் என்பது ஐந்து வருஷமாகத் தனக்குத் தெரியாமலே போயிற்றே என்ற வெட்கம்தான். எத்தனை பேரை இதில் உட்காரவைத்திருக்கிறாள். மில்லிலிருந்து நேரே வந்தவர்கள், தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருக்கும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவுவார்கள். அவள் பக்கத்தில் நின்றபடி, சும்மா உட்காருங்கள், டாக்டர் இப்போது கூப்பிட்டுவிடுவார் என்பாள். நின்றபடியேதான். ஹெல்த் விசிட்டர் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனாலும் இந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு உட்கார்ந்தாயிற்று. பாளையங்கோட்டையில் வாத்தியார் மகளாகப் பிறந்து, இருபத்துநாலு வயதில் கப்பலேறி, இங்கிலாந்தின் வடக்கே நர்ஸ் படிப்பு படித்து, பிறகு மருத்துவச்சி படிப்பு, பிறகு ஹெல்த் விசிட்டர் படிப்பு, எல்லாம் முடித்து ஹெல்டன் என்ற இந்தப் பருத்தி மில் ஊரின் நகராட்சிச் சுகாதார இலாகாவில் நீலக் கோட்டும் தொப்பியும் சைக்கிளுமாக வீட்டுக்கு வீடு குழந்தைகளைப் பார்த்தபடி தெருத்தெருவாகச் சுற்றியது இந்த பெஞ்சுக்கு வந்து சேரவா. சீ, என்ன பேச்சு இது. பெரிய படம் இன்று காலையிலேயே எடுத்தாயிற்று. டாக்டர் பெல்லமி அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் நர்ஸாகச் சேர்ந்தபோது எடுத்த படம் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கும், அதையும் பார்த்துவிடுகிறேன் என்றார். பன்னிரண்டு மைல் தள்ளி. ஆஸ்பத்திரி வண்டி வரும்போது கொண்டுவரும். அதுவரை உட்கார வேண்டியதுதான். மணி பதினொன்றே கால். இரண்டு மணிக்கு அவளுக்குக் குழந்தைகள் கிளினிக். இன்றைக்கு வியாழன்.

வலது பக்கம் மேலே, என்று அவர் விரல் போனதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பத்து வருஷமாக டாக்டர்களின் விரல் எங்கே போகிறது என்று பார்த்தே பிழைப்பு நடத்தியவளுக்குப் பார்க்காமல் இருக்க வருமா. திங்கட்கிழமை வந்த கடிதம் கைப்பையில் இருக்கிறது, எடுத்துப் படிக்க வேண்டியதில்லை, மனப்பாடம். தங்களுடைய சிறிய படம் தெளிவாக இல்லாததால் பெரிய படம் எடுத்துக்கொள்ள வரும்படி கேட்டுக்கொள்கிறோம், இதனால் கவலைப்பட ஏதுமில்லை. இதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை சமையலறைகளில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறாள். பாருங்கள், நீங்கள் மூச்சு விட்டிருப்பீர்கள், அசைந்திருப்பீர்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அவர்கள் அவள் வாயையே பார்ப்பார்கள். 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் அவர்கள் கண் நிற்கும் என்று இப்போதுதான் புரிகிறது. இனிமேல் அதைச் சொல்லக்கூடாது. இனிமேல் என்று ஒன்று இருந்தால். ஜனவரியில் காசநோய்க்காக நெஞ்சுப் படமெடுக்கிற வண்டி சந்தைச் சதுக்கத்தில் வந்து நின்றபோது ஊரே திருவிழா மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் மூன்று வாரம் அவளும் மற்ற விசிட்டர்களும் கதவு கதவாகத் தட்டினார்கள். இரண்டே நிமிஷம், கோட்டைக்கூடக் கழற்ற வேண்டாம், வலிக்காது, எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு பேட்ஜ் தருவார்கள். பேட்ஜைக் குத்திக்கொண்டு மில்லுக்குப் போனால் குத்தாதவளை மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதையும் சொல்லியே ஆள் பிடித்தாள். முதல் நாள் காலை யாரும் வண்டிப் படியில் ஏறவில்லை. பனி. பெண்கள் கூட்டமாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, நானே முதலில் போகிறேன் என்று அவள்தான் ஏறினாள். ஏறும்போது திரும்பிச் சிரித்தாள், அதை உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படமெடுத்துப் போட்டான். அந்தச் சிரிப்போடு உள்ளே போய், முகவாயைத் தட்டில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாளே, அந்த ஒரு மூச்சில்தான் இது மாட்டியது.

இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. ராத்திரி வேர்வை இல்லை. எடை? எடை தெரியாது. வியாழக்கிழமை தோறும் நாற்பது குழந்தைகளை நிறுத்துகிறவள், தன்னை எப்போது நிறுத்திக்கொண்டாள். பாவாடையின் இடுப்பு கொக்கி போன வருஷத்தைவிடத் தளர்ந்திருக்கிறதா. தளர்ந்தமாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. லேசாக இருமிப் பார்த்தாள், யாருக்கும் கேட்காமல். வறட்டு இருமல், வரவழைத்த இருமல், இதை வைத்து என்ன கண்டுபிடிப்பது. ஜனவரி பதினெட்டிலிருந்து இன்றைக்கு மார்ச் பத்து. ஏழு வியாழன். ஏழு நாற்பது இருநூற்றெண்பது, சரி, வந்த குழந்தையே திரும்ப வரும், நூறு குழந்தை என்று வை. நூறு முகம். தராசில் படுக்கவைக்கும்போது அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பாளே, அதன் வாய் அவள் கழுத்தில் ஈரமாகப் பதியுமே. மற்ற எவரையும்விட அதன் முகத்துக்கு நெருக்கமாக அவள் மூச்சுதான். அங்கே போகாதே என்று மனதைத் திருப்பினாள். அது வேறு வழியாகப் போய் அதே இடத்துக்கு வந்தது, கிளினிக் நடக்கிற மெதடிஸ்ட் கோயில் ஹாலுக்கு. வெளியே மதிலோரம் வரிசையாகத் தள்ளுவண்டிகள், மழைத்துணி மூடியபடி, எல்லாம் ஒரே கறுப்பு, ஆனால் ஒவ்வொருத்திக்கும் தன் வண்டி தெரியும். உள்ளே நுழைந்தால் ஈரக் கம்பளி வாசனை, பால்பவுடர் வாசனை, மேஜையில் நகராட்சி ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்கள், மீன் எண்ணெய் பாட்டில்கள். குழந்தைக்குக் கொடுக்க வாங்கிப்போனதைப் பாட்டன் குடித்துவிட்டார் என்று ஒருத்தி சொல்ல ஹாலே சிரிக்கும். பத்து பவுண்டு ரெண்டு அவுன்ஸ் என்று அவள் உரக்கச் சொல்வாள். உரக்கச் சொல்ல வேண்டியதே இல்லை, அட்டையில் எழுதினால் போதும், ஆனால் அந்தத் தாய்மார்கள் அதற்காகவே வருகிறார்கள் என்று முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். அவள் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் நிமிரும், பக்கத்தில் இருப்பவள் காதில் விழுந்ததா என்று பார்க்கும். நேசபாய் என்று ஒருவர் வாயிலும் நுழையவில்லை. நெஸ்ஸி நர்ஸ். நெஸ்ஸி வருகிறாள், துணியை உள்ளே எடு என்று தெருமுனையிலேயே குரல் கொடுப்பார்கள். அந்த ஹால் இங்கிருந்து கால் மைல்கூட இல்லை, இன்னும் இரண்டே முக்கால் மணி நேரத்தில் அவள் அங்கே இருக்க வேண்டும். ஆனால் என்றைக்கோ விட்டுவந்த இடத்தை நினைப்பதுபோல அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் இருந்துகொண்டே ஊருக்காக ஏங்குவது. இது என்ன கூத்து.

கதவு திறந்து குளிர்காற்று வந்தது, கூடவே பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண். மிஸ் பிம்மிடம் கடிதத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினாள். மிஸஸ் கிளெக். எட்னா கிளெக், லாங்க்ளோஸ் தெரு, பதினேழாம் நம்பர் வீடு, தறிக்காரி, ஒரே மகள் சூசன், வயது ஐந்து. வீட்டு நம்பரும் குழந்தையின் வயதும் சேர்ந்தேதான் நேசபாய்க்கு ஆட்கள் ஞாபகம் வருவார்கள். "அட, நர்ஸ்!" என்று மிஸஸ் கிளெக் முகம் மலர்ந்தது. "யாரைக் கூட்டிட்டு வந்தீங்க இன்னிக்கு?" அதற்குப் பதில் சொல்லுமுன்பே அவள் கண் நேசபாயின் மடிக்குப் போயிற்று, மடியில் கைப்பையின்மேல் விரல் தொப்பியைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தது. மிஸஸ் கிளெக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் நெருங்கியே உட்கார்ந்தாள். "எனக்கும் அதே லெட்டர்தான், நேத்தே பெரிய படம் எடுத்தாச்சு," என்றாள். "நீங்க சொன்னீங்களேன்னு வண்டியில ஏறினேன். இல்லேன்னா நான் எங்க ஏறப்போறேன்." குற்றம் சொல்கிறாளா, நன்றி சொல்கிறாளா என்று தெரியாதபடி சொன்னாள். லாங்க்ளோஸ் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பதினேழாம் நம்பர் கதவு நாலு விரல்கடைதான் திறந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம். பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையைப் பார்க்க வேண்டும், அட்டையில் எழுதியிருக்கிறது, மழை பெய்கிறது, தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் மூக்கின்மேல் சொட்டுகிறது. நாலு விரல்கடைக்குள் ஒரு கண். அந்தக் கண் அவள் முகத்தைப் பார்த்தது, கையைப் பார்த்தது, பிறகு கீழே பார்த்தது. "இப்பத்தான் தேய்ச்சு முடிச்சேன்!" என்று உள்ளேயிருந்து கத்தல். நேசபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. இவளுக்கு நம் நிறம் பிடிக்கவில்லை, அதைத்தான் ஏதோ இந்த ஊர்ப் பேச்சில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கப்பலிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். நல்லவேளை, அதற்குள் மிஸஸ் கிளெக் கதவை முழுக்கத் திறந்து அவள் காலைக் காட்டினாள். வாசல்படியை நனைத்துத் தேய்த்து, ஓரத்தில் வெள்ளைக்கல்லால் நேர்கோடு இழுத்திருந்தது, அதன் நடுவே நேசபாயின் சேறு பிடித்த காலணி. பாளையங்கோட்டையில் அடுத்த வீட்டு வாசலில் கோலத்தை மிதித்துவிட்டால் செண்பகத்தின் அம்மா கத்துவாளே, அதே தொண்டை, அதே சுருதி. நேசபாய் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. மழையில் நின்று சிரிக்கிற ஒரு கறுப்பு நர்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் மிஸஸ் கிளெக், "உள்ள வாங்க, நனையாதீங்க, அந்தப் பாழாப்போன செருப்பைக் கழட்டிட்டு வாங்க," என்றாள். குழந்தை கரியடுப்புக்குப் பக்கத்தில் மேஜை இழுப்பறை ஒன்றில் படுத்திருந்தது. ஏழு பவுண்டுகூட இல்லை. தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல். நேசபாய் கோட்டைக் கழற்றிவிட்டு வெந்நீர் கேட்டாள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய மற்ற ஐந்து வீட்டுக்கு அவள் போகவேயில்லை, சூப்பரின்டென்டென்ட் அதற்காகத் திட்டினாள், திட்டட்டும். அப்புறம் அந்தத் தெருவில் எந்தக் கதவும் நாலு விரல்கடை திறந்ததில்லை. மிஸஸ் கிளெக் என்ன சொன்னாளோ, யார் யாரிடம் சொன்னாளோ. போலியோ ஊசிக்கு ஆளே வராமலிருந்த வருஷம் சூசனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்தான் முதலில் வந்து நின்றாள், பின்னாலேயே அந்தத் தெரு முழுக்க வந்தது.

"பயமா இருக்கா நர்ஸ்?" என்று மிஸஸ் கிளெக் தாழ்ந்த குரலில் கேட்டாள். "இல்லை," என்றாள் நேசபாய். "எனக்கு இருக்கு," என்றாள் மிஸஸ் கிளெக், "எங்கம்மா இதிலதான் போனாங்க. வீட்டுக்குப் பின்னால தனிக் கொட்டகை போட்டு வச்சிருந்தோம். அப்ப எனக்கு எட்டு வயசு." சொல்லிவிட்டுத் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். "உங்க வீட்டில யாருக்காச்சும் இருந்துச்சா?" இல்லை, என்றாள் நேசபாய். கேள்வி முடியுமுன்னே வந்துவிட்டது அந்த இல்லை. வாசலில் காவலுக்கு நிற்கிற ஆள் மாதிரி எப்போதும் தயாராக நிற்கும். பன்னிரண்டு வயதிலிருந்து நிற்கிறது. முதலில் அடுத்த வீட்டாரிடம் சொன்னாள், பிறகு பள்ளிக்கூடத்தில், பிறகு ஆயரம்மாவிடம், பிறகு கப்பல் கம்பெனி டாக்டரிடம், பிறகு ஆஸ்பத்திரிப் படிவத்தில் மையால் எழுதினாள். குடும்பத்தில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா. இல்லை. இன்றைக்கு இந்த பெஞ்சில், பக்கத்தில் தன் அம்மாவைப் பற்றி ஒளிக்காமல் சொன்ன ஒருத்தியிடமும். இல்லை.

ரத்னபாய் அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. டீச்சர் டிரெய்னிங் விடுதியிலிருந்து லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முதலில் ஈளை என்றார்கள், பிறகு பின்கட்டு அறையின் ஜன்னலைத் தெருப்பக்கம் பலகை அடித்து மூடினார்கள், முற்றத்துப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கஞ்சி கொண்டுபோவது நேசபாயின் வேலை, அப்பா பள்ளிக்கூடத்தில், அம்மா உறக்கத்தில், வெயில் முற்றத்தில் சதுரமாகக் கிடக்கும். "ஏட்டி, உள்ள வராத. நடையிலேயே வச்சிட்டுப் போ," என்பாள் அக்கா. நேசபாய் உள்ளே போவாள். போகாமலிருக்க முடியுமா. அக்காவின் மஞ்சள் கட்டம்போட்ட போர்வைக்குள் நுழைந்துகொண்டு, விடுதிக் கதை சொல் என்று நச்சரிப்பாள். அக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டே சொல்வாள், சாப்பாட்டு அறையில் மணியடித்ததும் எழுபது பெண்களும் ஒரே நேரத்தில் நாற்காலியை இழுக்கிற சத்தம், வார்டன் அம்மாவின் சறுக்கு நடை. அதைச் சொல்லும்போது அவள் நடந்தே காட்டுவாள், முதலில். பிறகு கையால் மட்டும் காட்டினாள். பிறகு விரல் இரண்டால் போர்வைமேல். விரல் இரண்டும் அந்த அம்மா மாதிரியே இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்கும். நேசபாய் சிரிப்பாள், சிரிப்புச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்துவிடுவாள் என்று போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்தப் போர்வையின் வாசனை, கஷாயமும் வேர்வையும் வேறு எதுவோ ஒன்றும், இந்த ஊரில் எத்தனையோ பின்கட்டு அறைகளில் நுழையும்போது மூக்கில் அடித்திருக்கிறது, அப்போதெல்லாம் அவள் தொழில்காரியாக நின்று, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஆடி மாதம் அக்கா போனாள். பாய், போர்வை, தலையணை எல்லாம் கொல்லையில் எரிந்தது. அம்மா நேசபாயின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யாரு கேட்டாலும் டைபாய்டுன்னு சொல்லணும், கேட்டியா? உனக்கு ஒரு வாழ்க்கை வேணுமா வேண்டாமா?" என்றாள். டைபாய்டு என்று சொன்னாள். பிறகு அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கு அக்காவே கிடையாது என்றால் கேள்வியே வராது என்று கண்டுபிடித்தாள். கப்பலில் அவளோடு ஒரே அறையில் இருந்த மதுரைப் பெண் கேட்டாள், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர். நான் ஒருத்திதான். அன்றைக்குக் கடலைப் பார்க்கப் போகவில்லை, அறையிலேயே படுத்திருந்தாள்.

ஒருத்தியை இரண்டு தடவை புதைத்தாயிற்று. இதை எப்படி நினைத்தாலும் முடிவில் இங்கேதான் வந்து முட்டுகிறது. வாழ்க்கை வேண்டுமா வேண்டாமா என்றாள் அம்மா, வேண்டும் என்றுதான் இல்லை என்று எழுதினாள், அந்த ஒரு சொல்லை எழுதாமல் போயிருந்தால் ஹெல்டன் ஏது, வியாழக்கிழமை ஏது. சரி, எழுதினாய், பிறகு? போன வருஷம் மில் தெருவில் ஒரு பெண், புருஷன் ரத்தம் கக்குவதை நாலு மாதம் மறைத்துவைத்திருந்தாள். வீட்டில் மூன்று குழந்தைகள். நேசபாய் அவள் சமையலறையில் நின்று, மறைத்தால் யாருக்குத் தீங்கு தெரியுமா உங்களுக்கு என்று கேட்டாள். குரலை உயர்த்தித்தான் கேட்டாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியும் நர்ஸ் என்றாள். அவளுக்குத் தெரிந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. வலது பக்கம் மேலே. பதினெட்டாம் தேதியிலிருந்து நூறு குழந்தை. படிவத்தை எடுத்துப் பார்ப்பார்கள். மெடிக்கல் ஆபீசர் கூப்பிடுவார், நல்ல மனுஷன், வருத்தப்படுவார், வருத்தப்பட்டுக்கொண்டே செய்ய வேண்டியதைச் செய்வார். சைக்கிளை இலாகா ஷெட்டில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். பத்து பவுண்டு ரெண்டு அவுன்ஸ் என்று வேறு யாரோ சொல்வார்கள், சொல்வார்களா, அட்டையில் எழுதிவிட்டு அடுத்த ஆள் என்பார்கள். மிஸஸ் கிளெக் அவள் முழங்கையைத் தொட்டாள். "நர்ஸ், உங்களைத்தான் கூப்பிடறாங்க."

டாக்டர் பெல்லமியின் அறையில் வெளிச்சப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது, இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. அவை இரண்டும் தன் நெஞ்சுதான் என்று நம்ப நேசபாய்க்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. விலா எலும்புகள் மெல்லிய கூடை மாதிரி. "இங்கே வந்து பாருங்கள் சிஸ்டர்," என்றார் அவர். கவனமான, மெதுவான மனிதர், முன்பு அவருக்கே இந்த நோய் வந்து ஒரு நுரையீரல்தான் வேலை செய்கிறது என்று ஊரில் சொல்வார்கள். பென்சில் நுனியால் ஒரு வெள்ளைப் புள்ளியைத் தொட்டார், மிளகளவு இருக்கும். பிறகு பழைய படத்தில் அதே இடத்தைத் தொட்டார். அங்கேயும் அதே மிளகு. "பத்து வருஷத்தில் ஒரு நூல் அளவுகூட நகரவில்லை. அப்போது இதைப் பார்த்தவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார். சுண்ணாம்பாக இறுகிப்போன பழைய வடு. உங்களால் யாருக்கும் எதுவும் வராது. இன்றைக்கே வேலைக்குப் போகலாம்." அவள் தலையாட்டினாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "இது நீங்கள் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்னாலேயே வந்தது. சின்ன வயதில். கூடவே இருந்த யாரிடமிருந்தோ." மேஜையில் அந்தப் பத்து வருஷத்துப் படிவமும் இருந்தது, படத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், வெளியே மிஸ் பிம்மின் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. அந்த 'இல்லை' வாயிற்காவல்காரன் மாதிரி வழக்கம்போல எழுந்து நின்றது. நேசபாய் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தாள். முற்றத்து வெயில், கட்டம்போட்ட போர்வை, அதற்குள் இரண்டு பேர் மூச்சு. இருபத்திரண்டு வருஷம் அவளுடைய நெஞ்சு அதைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறது, அவள் வாய் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த காலம் முழுக்க. "என் அக்கா," என்றாள். "நான் பொய் எழுதிவிட்டேன் டாக்டர்." அவர் பழைய படிவத்தில் அந்த 'இல்லை'யின்மேல் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மெடிக்கல் ஆபீசருக்கு நான் எழுத வேண்டியது நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான்," என்றார்.

வெளியே வந்தபோது மிஸஸ் கிளெக் எழுந்து நின்றிருந்தாள், அடுத்து அவள்தான். "என்ன சொன்னார்?" "பழைய வடுவாம். ஒன்றுமில்லையாம்." "கடவுளுக்குத் தோத்திரம்," என்று மிஸஸ் கிளெக் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நீங்க கிளம்புங்க, குழந்தைங்க வந்திரும்," என்று உள்ளே போனாள். மணி பன்னிரண்டே கால். இப்போதே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால் சாப்பிட நேரம் இருக்கும். நேசபாய் தொப்பியைத் தலையில் வைத்தாள், ஊசி குத்தினாள், கதவுவரை போனாள். கதவின் கண்ணாடி வழியே ஊர் தெரிந்தது, புகைபோக்கிகள், ஈரமான கூரைகள், கொடியில் யாரோ மறந்துவிட்ட துணி. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். உள்ளே பேச்சு நீண்டது, நீண்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கதவு திறந்தபோது மிஸஸ் கிளெக் கையில் ஒரு தாள் இருந்தது. தலைத்துணியைக் கட்ட மறந்து அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். "ஆறு மாசம் சானடோரியத்துல இருக்கணுமாம்," என்றாள், யாரோ வேறொருத்திக்குச் சொல்கிறமாதிரி. "ரெண்டு பக்கமும் இருக்காம். சூசனை யார் பார்த்துப்பாங்க நர்ஸ்? அவரு ஷிப்ட் வேலை."

நேசபாய் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள், தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நகராட்சியிலிருந்து வீட்டு உதவிக்கு ஓர் ஆள் அனுப்பச் சொல்லி இன்றைக்கே எழுதுகிறேன் என்றாள். சூசனுக்குக் கையில் சோதனை ஊசி போட்டுப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை நானே அழைத்துப்போகிறேன் என்றாள். இப்போது மருந்து இருக்கிறது, உங்கள் அம்மா காலம் மாதிரி இல்லை, ஊசியும் மாத்திரையும் நாள் தவறாமல் எடுத்துக்கொண்டால் நடந்தே வீட்டுக்கு வருவீர்கள் என்றாள். பெரும்பாலும் என்று சொல்லவில்லை. மிஸஸ் கிளெக் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் காதில் ஏறவில்லை என்று தெரிந்தது. நேசபாய் நிறுத்தினாள்.

"மிஸஸ் கிளெக், முன்னாடி நீங்க கேட்டதுக்கு நான் இல்லைன்னு சொன்னேன். எனக்கு ஒரு அக்கா இருந்தா. இதே நோய்தான். அப்ப இந்த மருந்தெல்லாம் கிடையாது."

மிஸஸ் கிளெக் திரும்பி அவளைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த பிறகு முதல் தடவையாகக் கண் ஓரிடத்தில் நின்றது. கையை நீட்டி நேசபாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேரு என்ன?" என்றாள்.

"ரத்னபாய்."

மிஸஸ் கிளெக் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடியும் சொன்னாள், பாதியில் நாக்கு சிக்கிக்கொண்டது. நெஸ்ஸி என்பதுபோல அதையும் ஏதாவது சுருக்கிவிடுவாள் என்று நேசபாய் நினைத்தாள். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்து, மூன்றாவது தடவை முழுசாகச் சொன்னாள். பஸ் போகும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.